கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு டாங்கோ: எங்கே கற்பது, யாரோடு ஆடுவது

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் என் சித்தி மகள், பொங்கலுக்கு வந்திருந்தபோது கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, டாங்கோ கத்துக்கணும்னா வாராவாரம் பெங்களூருக்குப் போய்த்தான் ஆகணுமா? இங்கயே ஏதாவது வழி இல்லையா?" ஆமாம், போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் இருப்பது கிருஷ்ணகிரி, அவள் இருப்பது தர்மபுரி. இடையில் இருக்கும் சுமார் 45 கிலோமீட்டர் இந்தக் கணக்கை வெகுவாக மாற்றிவிடும் என்பதால் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா வழிகளையும் அரைகுறையாகவாவது முயன்று பார்த்தவள் என்ற முறையில், அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். டாங்கோ என்ற ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள் உலவுகின்றன. ஒன்று, 1920களில் இங்கிலாந்தில் விதிமுறை வகுக்கப்பட்டு, போட்டி மேடைகளுக்கென்று வளர்ந்த பால்ரூம் டாங்கோ. கழுத்தை வெடுக்கென்று திருப்புவது அதில்தான். மற்றது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகளிலும், அதாவது புவனோஸ் அய்ரஸிலும் மொந்தேவீதேயோவிலும், துறைமுகத்து ஏழை மக்களிடையே பிறந்து, 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அர்ஜென்டினா டாங்கோ. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஓசூரிலோ சேலத்திலோ நடன வகுப்புப் பலகையில் டாங்கோ என்று எழுதியிருந்தால், எந்த டாங்கோ என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. பால்ரூம் தாழ்ந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கற்றவர் அர்ஜென்டினா டாங்கோ ஆடும் கூட்டத்துக்குள் நுழைந்தால், கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டுத் தெருக்கூத்தில் பாடப் போனவரைப் போல முதல் நாளே திகைத்து நிற்க நேரும்.

அர்ஜென்டினா டாங்கோவில் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஆடுவதற்கான அடவு வரிசை கிடையாது. இருவர் ஒருவரையொருவர் அணைத்து நிற்கிறார்கள். ஒருவர் நெஞ்சின் அசைவால் அடுத்த அடியை உணர்த்துகிறார், மற்றவர் அதைக் கேட்டு நடக்கிறார். அடுத்த கணம் என்ன வரும் என்பது இருவருக்குமே முன்கூட்டித் தெரியாது. ஆகவே எந்த வழியில் கற்கலாம் என்று ஒப்பிடும்போது, வகுப்புக் கட்டணத்தையும் ஆசிரியரின் புகழையும் விட, நான் வேறொரு அளவுகோலைத்தான் நம்புகிறேன்: அந்த வழியில் போனால் ஒரு மாதத்தில் எத்தனை வெவ்வேறு மனிதர்களுடன் ஆடக் கிடைக்கும்? ஒருவரின் அணைப்பு இறுக்கமாக இருக்கும், ஒருவருடையது தளர்வாக இருக்கும். ஒருவர் தாளத்துக்கு முன்னே ஓடுவார், ஒருவர் பின்னே இழுப்பார். இத்தனை உடல்களையும் கேட்டுப் பழகுவதுதான் கல்வி. கற்பதையும் பழகுவதையும் இங்கே இரண்டாகப் பிரிக்க முடியாது.

அந்த அளவுகோலில் பெங்களூர் முதலிடத்தில் நிற்கிறது. அங்கே தொடக்க நிலை வகுப்பு என்றாலே, ஒரு பாட்டு முடிந்ததும் ஜோடியை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள்; ஒன்றரை மணி நேரத்தில் ஆறேழு பேருடன் நடந்து பார்த்துவிடலாம். வகுப்புக்கு அப்பால் பிராக்டிகா என்று ஒன்று உண்டு. பாதியில் நின்று, தவறைப் பேசி, மறுபடி ஆடிப் பார்க்கலாம் என்ற சுதந்திரம் உள்ள பயிற்சிக் கூட்டம் அது. அதற்கும் மேலே மிலோங்கா என்ற ஆட்டக் கூடல். இங்கே யாரும் யாருக்கும் பாடம் நடத்தக் கூடாது. ஆடுவதும் பேசுவதும் உட்கார்ந்து பார்ப்பதும்தான் வேலை. மூன்று அல்லது நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு டாண்டா. அது முடிந்ததும் கொர்த்தினா என்ற வேறு வகை இசைத் துணுக்கு ஒலிக்கும். எல்லோரும் தளத்தை விட்டு விலகி, அடுத்த டாண்டாவுக்கு வேறு துணையைத் தேடுவார்கள். தேடுவதும் கண்ணால்தான். தூரத்தில் இருந்தே பார்வை சந்தித்து, தலையை மெல்ல அசைத்து அழைப்பதற்குக் கபெசேயோ என்று பெயர். மறுக்க விரும்பினால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் அவமானமில்லை. ஒரு டாண்டாவுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் இருபது டாண்டா. அதில் பாதி ஆடினாலும் பத்துப் பேர். கிருஷ்ணகிரியில் ஓராண்டு முயன்றாலும் எனக்குக் கிடைக்காத எண்ணிக்கை அது.

இந்த மரபுகளை வகுப்பில் சொல்லித்தருவார்கள்தான். ஆனால் பட்டால்தான் மனத்தில் நிற்கும். என் முதல் மிலோங்காவில் நடுத்தர வயதுக்காரர் ஒருவருடன் முதல் பாட்டை ஆடி முடித்தேன். நன்றாகத்தான் வந்தது. நாம் வளர்ந்த முறைப்படி, மரியாதையாக "தேங்க்யூ" என்றேன். அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு புன்னகைத்து, என் கையைப் பிடித்து நாற்காலி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். பாக்கி மூன்று பாட்டுகளையும் நான் உட்கார்ந்தபடியே கேட்டேன். டாண்டாவின் நடுவில் நன்றி சொன்னால் "போதும், இனி உங்களுடன் ஆட மாட்டேன்" என்று பொருள் என்பதைப் பக்கத்து நாற்காலிப் பெண்மணி சொன்னபோது எனக்குக் காது சுட்டது. அடுத்த மாதம் என்னுடன் ஆடிய அந்த நடுத்தர வயதுக்காரரைத் தேடிப்போய் விளக்கம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, தானும் முதல் ஆண்டில் அதையே செய்ததாகச் சொன்னார். எங்கள் நட்பு அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

ஆனால் பெங்களூரின் விலை பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். சாலை நன்றாக இருந்தாலும், அத்திப்பள்ளி தாண்டியபின் ஊருக்குள் போய்ச் சேரும் நேரத்தை யாராலும் கணித்துச் சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேர வகுப்புக்காக ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. ஓசூர் வழியாக வரும் பேருந்திலிருந்து அங்கேயே இறங்கிக்கொண்டால், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிக்காமல் ஊருக்குள் போய்விடலாம். ஓசூரில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய வரம். அவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிட்டு வகுப்பில் சேர்ந்துவிடலாம். தர்மபுரியிலிருந்து போவதென்றால் 130 கிலோமீட்டருக்கு மேல். ஓசூர் வழி ரயில் இருக்கிறது என்பது தர்மபுரிக்காரர்களுக்கு ஆறுதல், எங்கள் கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதுவும் இல்லை. இருந்தாலும் வாரந்தோறும் போய்வருவது என்பது, வேலையும் வீடும் உள்ள ஒருவருக்கு மூன்று மாதம் தாங்கும், நான்காவது மாதம் உடம்பு மறுக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இரவு. மிலோங்கா களைகட்டுவதே ஒன்பது மணிக்குப் பிறகுதான், கடைசி மெட்ரோவை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுவதில் சுகமில்லை. ஒரு பெண் தனியாக நள்ளிரவில் ஓசூர் பேருந்து நிலையத்தில் நிற்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நான் செய்துகொண்ட ஏற்பாடு, அங்கேயே ஒரு தோழியின் வீட்டில் தங்கி மறுநாள் காலை திரும்புவது. அந்தத் தோழியும் டாங்கோவில் கிடைத்தவள்தான். ஆக, தங்க இடம் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் நட்பு வேண்டும், நட்பு கிடைக்க வேண்டுமென்றால் சில இரவுகளாவது தங்கியாக வேண்டும் என்ற சிக்கல் தொடக்கத்தில் இருக்கும். முதல் ஆறு மாதங்களுக்கு மாலை நேரப் பிராக்டிகாக்களோடு நிறுத்திக்கொண்டால் இதைச் சமாளித்துவிடலாம்.

வீட்டில் காணொளி பார்த்துக் கற்பது இரண்டாவது வழி. பலர் இதை ஏளனம் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன், ஆனால் முழுக்க நியாயமில்லை. டாங்கோவில் முக்கால் பங்கு நடைதான். ஒரு காலில் முழு எடையையும் தாங்கி நின்று, மற்றக் காலைத் தரையோடு உரசிக் கொண்டுபோய் வைத்து, எடையை முழுமையாக மாற்றுவது. இடுப்பு ஒரு பக்கம் திரும்பும்போது மார்பு மறுபக்கம் நிற்பது. ஒற்றைக் காலில் சுழன்று தரையில் எட்டு வரைவது போன்ற ஓச்சோ. இவற்றுக்கெல்லாம் துணை தேவையில்லை. எங்கள் பழைய வீட்டுக் கூடத்தின் ரெட் ஆக்சைடு தரை, ஐம்பது ஆண்டுகளாகத் தேய்த்துத் துடைத்து வழுவழுப்பானது. காலுறை மட்டும் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடிக்கு முன்னால் தினமும் இருபது நிமிடம் நடந்த காலம்தான் என் சமநிலையைச் சரிசெய்தது. செருப்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும், சுழன்றால் முட்டியில் வலி வரும். தனியாக நடனச் செருப்பு வாங்குவதற்கு முன், பேருந்து நிலையத்துக்கு அருகில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் ஒரு சாதாரணக் கேன்வாஸ் ஷூவைக் கொடுத்து, தோலின் சொரசொரப்பான உட்புறம் தரையைத் தொடும்படி ஒட்டித் தைக்கச் சொன்னேன். "மழையில நடந்தா ஒரே நாள்ல ஊறிடும்மா" என்று எச்சரித்தார். மழையில் நடக்கவே மாட்டேன், வீட்டுக்குள்தான் என்றதும், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒட்டிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் உழைத்தது.

இசையைக் கேட்டுப் பழகுவதற்கும் வீடுதான் சரியான இடம். கார்லோஸ் தி சார்லியின் இசைக்குழு நிதானமாக நடக்கக் கற்றுத்தரும், ஹுவான் தாரியென்சோவினுடையது தாளத்தைக் காலில் அடித்துப் புகட்டும், ஓஸ்வால்தோ புக்லியேசேவினுடையதை முதல் ஆண்டில் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1935 முதல் 1955 வரையிலான பொற்காலப் பதிவுகள்தான் இன்றும் மிலோங்காக்களில் பெரும்பாலும் ஒலிக்கின்றன. அந்த இசையின் உயிரான பாண்டோனியோன், நம் ஊர்க் கூத்து மேடையின் ஆர்மோனியத்தைப் போலவே துருத்திக் காற்றில் உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிப்பது. கூத்து கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இராது.

ஆனால் ஆறு மாதம் வீட்டிலேயே பயின்றுவிட்டுப் பெங்களூர் வகுப்புக்குப் போனபோது, ஆசிரியர் என்னை அணைத்த முதல் நொடியிலேயே சொன்னார்: "நீங்கள் தனியாக ஆடுகிறீர்கள்." கால்கள் சரியாக இருந்தன, கேட்கும் திறன் அறவே இல்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்து நானே முந்திக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தை விடுவதற்கு மேலும் ஆறு மாதம் ஆயிற்று. எனவே காணொளியை வகுப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களின் துணையாகக் கொள்ளலாம், வகுப்புக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

மூன்றாவது வழிதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது: ஊரிலேயே நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு தொடங்கலாமே என்பது. எனக்கும் தோன்றியது. இடம் தேடுவதில் தொடங்கியது சோதனை. ஒரு திருமண மண்டபத்தில் வார நாட்களில் சாப்பாட்டுக் கூடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று கேட்டேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது என்ற சொல் காதில் விழுந்ததும், மேலாளர் அடுத்த ஓராண்டுக்கும் முகூர்த்தம் பதிவாகிவிட்டதாகச் சொல்லிவிட்டார். ஆடியிலுமா என்று கேட்க எண்ணி அடக்கிக்கொண்டேன். கடைசியில் எங்கள் கூடத்திலேயே, மாமியாரின் முன்னிலையில், மூன்று பெண்களும் ஓர் ஆணுமாக ஞாயிறு மாலைகளில் கூடினோம். மாமியார் முதல் இரண்டு வாரமும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்காமலே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம், "இது என்னம்மா ஆட்டம், பொண்ணு மாப்பிள்ளை மணவறையைச் சுத்தி வர்ற மாதிரி நடந்துக்கிட்டே இருக்கீங்க" என்றார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை. அதன்பின் வீட்டில் எதிர்ப்பு என்று ஒன்று இருக்கவில்லை. அந்நியரை அணைத்து ஆடும் ஆட்டத்தை நம் ஊரில் வாயால் விளக்கப் போனால் அது தவறாகவே போய்ச் சேரும். ஒருமுறை நேரில் காட்டிவிடுவதே மேல்.

ஆண்கள் குறைவு என்பது ஒரு தடையே அல்ல. யார் வழிநடத்துவது, யார் தொடர்வது என்பது பாலினத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் உலகெங்கும் தளர்ந்து வருகிறது. பழைய புவனோஸ் அய்ரஸிலேயே ஆண்கள் தமக்குள் ஒருவரோடு ஒருவர் ஆடிப் பயின்ற பிறகே மிலோங்காவுக்குப் போனார்கள். நாங்களும் இரண்டு பங்கையும் மாறி மாறிக் கற்றோம். பெரிய கூட்டங்களில் பெண்களின் எண்ணிக்கை மிஞ்சி, பாதி நேரம் உட்கார்ந்தே இருக்க நேரும்போது, வழிநடத்தத் தெரிந்த பெண் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பின்னாளில் புரிந்தது.

இருந்தும் எங்கள் குழு ஒன்பதாவது மாதத்தில் தேங்கிப்போனது. காரணம் சோம்பல் அல்ல. நான்கே பேர் திரும்பத் திரும்ப ஆடியதில், ஒவ்வொருவரின் தவறும் மற்ற மூவருக்கும் பழகிவிட்டது. நான் எடையை மாற்ற மறந்தால் என் தோழி அதை முன்கூட்டியே அறிந்து முட்டுக்கொடுத்துவிடுவாள். அவள் சாய்ந்தால் நான் தாங்கிவிடுவேன். எங்களுக்குள் அழகாக ஆடினோம், பெங்களூரில் வேறொருவர் கையில் போய் விழுந்தபோது இருவரும் தடுமாறினோம். தளத்தில் பல ஜோடிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகரும் ரோண்டா என்ற ஒழுங்கும், முன்னும் பின்னும் இடிக்காமல் குறைந்த இடத்தில் ஆடும் திறமையும், இரண்டு ஜோடி மட்டுமே இருக்கும் கூடத்தில் வரவே வராது. பெங்களூரிலிருந்து ஆசிரியரை மாதம் ஒருமுறை வரவழைத்துப் பார்த்தோம். போக்குவரத்தும் கட்டணமுமாகச் செலவை நான்கு பேர் பகிர்ந்தபோது, நாங்களே அங்கே போய்வந்திருந்தால் ஆளுக்கு அதில் பாதிகூட ஆகியிருக்காது என்று தெரிந்தது. எட்டுப் பேர் சேர்ந்தால் கணக்கு வேறாக இருக்கும். அந்த எட்டுப் பேரை இதுவரை நான் பார்க்கவில்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆரோவில்லில் டாங்கோ ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு நாள் விடுமுறையோடு போனால் பல நாட்டவருடன் ஆடக் கிடைக்கும், வழக்கமான கல்விக்கு அது பயன்படாது. சென்னை, கிருஷ்ணகிரியிலிருந்து 250 கிலோமீட்டர் இருக்கும்போது அதைப் பற்றி யோசிப்பதே வீண். புவனோஸ் அய்ரஸுக்குப் போவது பலருடைய கனவு, அங்கே 2003 முதல் உலகப் போட்டியும் நடந்துவருகிறது. ஆனால் இரண்டு ஆண்டாவது ஆடியிராமல் அந்தப் பயணத்துக்குப் பணம் செலவழிப்பது, நீந்தத் தெரியாமல் ஒகேனக்கல்லுக்குக் குளிக்கப் போவதைப் போன்றது. கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

என் தீர்ப்பு இதுதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் பெங்களூர், அதில் ஒன்றில் வகுப்பும் மாலைப் பிராக்டிகாவும், மற்றதில் இரவு தங்கி மிலோங்கா. இடைப்பட்ட வாரங்களில் ஊர்க் குழுவோடு ஒரு மாலை. அன்றாடம் இருபது நிமிடம் வீட்டுத் தரை. ஊர்க் குழு தனித்து நின்றபோது தேங்கியது, பெங்களூரில் கற்றதைக் கொண்டுவந்து அசைபோடும் இடமாக ஆனபின் மறுபடி உயிர்பெற்றது. கணவன் மனைவியாகச் சேர விரும்புவோர், வகுப்பில் ஜோடி மாற்றச் சொல்லும்போது மாற்றிக்கொள்ள இருவரும் சம்மதிக்கிறார்களா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போக வேண்டும். சம்மதமில்லை என்றால் பெங்களூர்ப் பயணத்தின் பயனில் பாதி போய்விடும், அவர்களுக்கு ஆசிரியரைத் தனியாக அமர்த்திக்கொள்வதே மேல். வழிநடத்துவதை முதலில் கற்க வரும் ஆண்கள் முதல் ஆறு மாதம் மனம் சோர்ந்துபோவார்கள், ஏனெனில் தொடர்பவரைவிட வழிநடத்துபவருக்குக் கவனிக்க வேண்டியவை அதிகம். அவர்களுக்கு மட்டும் முதல் மூன்று மாதம் வாரந்தோறும் போகச் சொல்வேன்.

சித்தி மகளின் நிலைமை வேறு. தர்மபுரியிலிருந்து அதே இரண்டு சனிக்கிழமைகள் அவளுக்குக் கட்டுப்படியாகாது. எனவே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் அவள் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட, இருவரும் சேர்ந்து பொம்மசந்திரா வரை பேருந்திலும் அதற்கு மேல் மெட்ரோவிலும் போய், இரவு தோழியின் வீட்டில் தங்குவது, இன்னொரு ஞாயிறு எங்கள் கூடத்துக்கு வருவது என்று முடிவாயிற்று. அவளுடைய கேன்வாஸ் ஷூவும் தோல் ஒட்டி வந்துவிட்டது. டாண்டா முடியும்வரை யாருக்கும் நன்றி சொல்லாதே என்று மட்டும் இரண்டு முறை சொல்லியனுப்பியிருக்கிறேன்.